ஒதுக்கப்பட்ட இடம் யாருக்கு?

 

சென்ற மாதம் நம் வருசநாட்டில் பெய்த மழைக்குப் பின், மூல வைகையில் நீர் ஓடும் ஓசையைக் கேட்டவாறு மதரஸா திண்ணையில் அமர்ந்திருந்தபோது ஒரு மடல் வந்து சேர்ந்தது. என்னிடம் சிறுவயதில் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். இலவம் பஞ்சு வாங்கி விற்ற ஓர் எளிய குடும்பத்தின் பிள்ளை அவர். இப்போது இங்கிலாந்தில், லண்டன் மாநகருக்கு வெளியே ஒரு சிறு நகரில் மனைவி மக்களோடு வாழ்கிறார். ‘ஹஜ்ரத், ஒரு சிறு விஷயம்தான், ஆனால் மனம் அமைதியடையவில்லை’ என்று தொடங்கியிருந்தது அம்மடல்.

அவருடைய மூத்த மகனுக்குப் பத்து வயது. பிறவியிலேயே தசைகள் வலுவிழந்த பிள்ளை. சக்கர நாற்காலியின்றி நகர இயலாது. ஒரு சனிக்கிழமை அப்பிள்ளைக்குக் காலணி வாங்கக் கடைத்தெருவுக்குச் சென்றிருக்கிறார்கள். அங்கே ஒரு தனியார் வாகன நிறுத்துமிடம். மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட கட்டத்தில் காரை நிறுத்தி, அரசு வழங்கிய நீல அட்டையைக் கண்ணாடிக்கு அருகில் வைத்துவிட்டு, பிள்ளையை இறக்கி நாற்காலியில் அமர்த்தி, கதவைச் சாத்திச் சென்றிருக்கிறார். கதவு சாத்திய வேகத்தில் அட்டை நழுவி இருக்கைக்கு அடியில் விழுந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

எட்டு நாள் கழித்து வீட்டுக்கு ஒரு கடிதம். உள்ளே அட்டை இல்லாத கண்ணாடியின் புகைப்படம். ‘மாற்றுத்திறனாளிக்குரிய இடத்தை உரிய அட்டையின்றிப் பயன்படுத்தினீர், 100 பவுண்டு செலுத்துக, 14 நாளுக்குள் செலுத்தினால் 60 பவுண்டு போதும்’ என்பது அதன் சாரம்.

மாணவரின் மனம் மூன்று பக்கமும் இழுபட்டிருக்கிறது. ‘அந்நிய நாட்டில் வம்பு எதற்கு? அறுபதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்’ என்கிறார் மனைவி. ‘தனியார் கடிதம்தானே, குப்பையில் எறி’ என்கிறார் ஒரு நண்பர். மற்றொருவரோ, ‘அட்டை வெளியே தெரியும்படிதான் இருந்தது, படம் எடுத்தவன் பார்க்கவில்லை என்று எழுது, யார் கண்டார்கள்?’ என்று யோசனை சொல்லியிருக்கிறார். ‘ஹஜ்ரத், இதில் எது சரி?’ என்பது கேள்வி.

மடலின் இறுதியில் வேறொரு பத்தியும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இக்கேள்வியைப் பார்ப்போம். நான் சட்டம் பயின்றவன் அல்லன். ஆயினும் பதில் சொல்லும் முன் விவரம் அறிய வேண்டும் என்பதால் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நம் பிள்ளைகள் பலர் இன்று அந்நாடுகளில் இருக்கிறார்கள் அல்லவா?

அபராதமா, கட்டணமா?

இங்கிலாந்தில் வண்டி நிறுத்தியதற்காக வரும் கடிதங்கள் இரு வகை. நகர மன்றம் அனுப்புவது ஒன்று. அது சட்டப்படியான தண்டம். தனியார் நிறுவனம் அனுப்புவது மற்றொன்று. இரண்டையுமே ‘பி.சி.என்.’ என்ற மூன்றெழுத்தால்தான் சுருக்கி அழைக்கிறார்கள்! முன்னதில் நடு எழுத்துக்கும் முதல் எழுத்துக்கும் ‘தண்டக் கட்டணம்’ என்று பொருள்; பின்னதில் ‘நிறுத்தக் கட்டணம்’ என்று பொருள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டின் வேரும் வேறு. தனியாருக்கு எவரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. நுழைவாயிலில் அவர் ஒரு பலகை வைத்திருக்கிறார். அதில் நிபந்தனைகள் உள்ளன. அதைப் பார்த்த பிறகு வண்டியை உள்ளே விட்டால் நீங்கள் அவருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டதாகப் பொருள். ஒப்பந்தத்தை மீறினால் பலகையில் குறித்த தொகையை அவர் கேட்கலாம். இதுதான் அடிப்படை.

முன்னெல்லாம் தனியார் நிலத்தில் நிறுத்திய வண்டியின் சக்கரத்தைப் பூட்டி வைத்துப் பணம் பறிப்பதும் உண்டு. 2012ஆம் ஆண்டின் ‘சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம்’ அதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடைசெய்தது. அதே சட்டம், வண்டியை ஓட்டியவர் யாரென்று தெரியாதபோது, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு வண்டியின் பதிவாளரிடம் பணம் கேட்கலாம் என்றும் அனுமதித்தது. வண்டியில் ஒட்டாமல் தபாலில் மட்டும் அறிவிப்பு அனுப்பினால், அது 14 நாளுக்குள் பதிவாளரைச் சேர வேண்டும் என்பது அந்நிபந்தனைகளுள் ஒன்று. நம் மாணவருக்கு எட்டு நாளில் வந்துவிட்டது. ஆகவே அந்தப் பக்கம் அவருக்கு வாதம் இல்லை.

ஒரு வழக்கின் பாடம்

‘குப்பையில் எறி’ என்ற நண்பரின் யோசனையைப் பார்ப்போம். முன்பு பலரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2013 ஏப்ரலில் செம்ஸ்ஃபோர்டு நகரின் ஒரு கடைவளாகத்தில் பேரி பீவிஸ் என்பவர் காரை நிறுத்தினார். இரண்டு மணி நேரம் இலவசம். அதற்கு மேல் நின்றால் 85 பவுண்டு. அவர் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்திவிட்டார். பார்க்கிங் ஐ என்ற நிறுவனம் பணம் கேட்டது. ‘56 நிமிடத்தால் உங்களுக்கு என்ன நட்டம்? இது தண்டனை, ஒப்பந்தத்தில் தண்டனைக்கு இடமில்லை’ என்று அவர் வழக்காடினார். வழக்கு படிப்படியாக ஏறி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015 நவம்பர் 4ஆம் நாள் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர்.

அவர்கள் சொன்ன காரணம் சிந்திக்கத் தக்கது. நேரடி நட்டம் இல்லாவிட்டாலும், ஓர் இடத்தை ஒருவரே நாள் முழுதும் அடைத்துக்கொள்ளாமல், வருவோர் அனைவருக்கும் இடம் கிடைக்கச் செய்வதில் நிலத்தின் உரிமையாளருக்கு நியாயமான அக்கறை உண்டு. அந்த அக்கறைக்குப் பொருந்தாத அளவுக்குத் தொகை மிகையாக இல்லை. அறிவிப்புப் பலகைகளும் தெளிவாக இருந்தன. ஆகவே கட்டணம் செல்லும் என்பது தீர்ப்பின் கருத்து.

அத்தீர்ப்புக்குப் பிறகு இக்கடிதங்களை அலட்சியம் செய்வது அறிவுடைமை ஆகாது. நிறுவனம் நீதிமன்றம் சென்று தீர்ப்புப் பெற்று, ஒரு மாதத்துக்குள் அத்தொகையைக் கட்டாவிட்டால், ஆறு ஆண்டுகள் அது கடன் பதிவேட்டில் நிற்கும். வீடு வாங்கவோ கடன் பெறவோ முனையும்போது முள்ளாகக் குத்தும்.

அதே வேளையில், தீர்ப்பின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ‘நியாயமான அக்கறை’ என்பதுதான் அதன் உயிர். மாற்றுத்திறனாளிக்கென ஓர் இடத்தை ஒதுக்குவதில் என்ன அக்கறை இருக்க முடியும்? நடக்க இயலாதவருக்கு அவ்விடம் கிடைக்க வேண்டும் என்பதுதானே! அன்றைய தினம் அவ்விடம் யாருக்கு ஒதுக்கப்பட்டதோ அவருக்கே கிடைத்திருக்கிறது. நோக்கம் முழுமையாக நிறைவேறிவிட்ட பிறகு, அட்டை நழுவியது ஒன்றுக்காக நூறு பவுண்டு கேட்பது நியாயமா? இதுவே நம் மாணவரின் வாதமாக இருக்க வேண்டும்.

நீல அட்டை

இந்த அட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970ஆம் ஆண்டு ஆல்ஃப் மோரிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டத்தில் பிறந்தது இது. முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. 2000ஆம் ஆண்டு முதல் நீல நிறம் பெற்றது. 2019இல் இங்கிலாந்தில் வெளிக்குத் தெரியாத குறைபாடுகள் உடையோருக்கும் இது விரிவாக்கப்பட்டது. ஆகவே, கால் நன்றாக இருப்பவர்போல் தோன்றும் ஒருவர் அவ்விடத்தில் வண்டியை நிறுத்தினால் உடனே முகம் சுளித்துவிடக் கூடாது.

கவனிக்க வேண்டிய இரு செய்திகள். ஒன்று, அட்டை மனிதருக்கு உரியது. வண்டிக்கு உரியது அன்று. அவர் எந்த வண்டியில் பயணம் செய்கிறாரோ அதில் வைத்துக்கொள்ளலாம். அவர் இல்லாதபோது குடும்பத்தார் அதைக் காட்டி இடம் பிடிப்பது குற்றம். இரண்டு, இந்த அட்டைக்குச் சட்டம் தந்த சலுகைகள் பொதுச் சாலைகளுக்கே உரியவை. தனியார் நிறுத்துமிடத்தில் அவரவர் விதிகள்தாம் நடக்கும். ஆனால் அங்கேயும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் நுழைகிறது. பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் எவரும் மாற்றுத்திறனாளிக்காகத் தம் நடைமுறையை நியாயமான அளவில் மாற்றிக்கொள்ளக் கடமைப்பட்டவர் என்கிறது அது. இயலாத பிள்ளையைத் தூக்கி இறக்கும் தந்தையின் கைகள் இரண்டும் வேலையில் இருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பதும் அதில் அடங்கும் என்றே எனக்குப் படுகிறது.

முறையிடும் வழியும் எளிது. முதலில் நிறுவனத்திடமே எழுத வேண்டும். அவர்கள் மறுத்தால், அந்நிறுவனம் சேர்ந்துள்ள சங்கத்தைப் பொறுத்து ஒரு தனி முறையீட்டு அமைப்புக்குச் செல்லலாம். அவற்றுள் ‘பாப்லா’ என்பது 2012 முதல் இயங்குகிறது. வண்டிக்காரர் அங்கே ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. அங்கே கிடைக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். இவற்றோடு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. நிலமும் கடையும் யாருடையவோ அவரிடம் நேரில் சென்று சொல்வது. வாடிக்கையாளரை இழக்க விரும்பாத கடைக்காரர் சொன்னால், நிறுவனம் பெரும்பாலும் கைவிட்டுவிடும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இப்போது என் துறைக்கு வருகிறேன்.

முதலாவது, ஒப்பந்தம். முஸ்லிம்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஹலாலை ஹராமாக்கும், ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனைக்கு மட்டுமே விலக்கு. திர்மிதீ நூலில் பதிவான ஹதீஸ் அது. பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே சென்றவன், ‘காஃபிருடைய பலகைதானே’ என்று எறிந்துவிட முடியாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் தொடக்கத்திலேயே நம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. எதிர்த்தரப்பு யார் என்பதைப் பொறுத்து அக்கட்டளை மாறுவதில்லை. ஆகவே, ‘குப்பையில் எறி’ என்ற யோசனை தள்ளுபடி.

இரண்டாவது, பொய். அட்டை தெரியும்படிதான் இருந்தது என்று எழுதினால் ஒருவேளை வென்றுவிடலாம். ஆனால் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்: தங்களிடம் வழக்குக் கொண்டுவருவோரில் ஒருவர் மற்றவரைவிட நாவன்மை மிக்கவராக இருக்கலாம், அதைக் கேட்டு, அவருடைய சகோதரருக்குரியதை அவருக்கென்று தீர்ப்பளித்துவிட்டால், அவர் பெற்றுக்கொள்வது நெருப்புத் துண்டு ஒன்றே என்று. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. அல்லாஹ்வின் தூதர் தந்த தீர்ப்பே பொய்யனுக்குப் பொருளை ஹலாலாக்காது என்றால், மற்றவர் தரும் தீர்ப்பு எம்மாத்திரம்? நூறு பவுண்டை மிச்சப்படுத்த நெருப்பை வாங்குவதா? அதிலும், அப்பொய்யை அந்தப் பிள்ளையின் பெயரால் சொல்வதா?

மூன்றாவது, பேசாமல் கட்டிவிடுவது. இதை நம்மில் பலர் பொறுமை என்று எண்ணுகிறோம். விட்டுக்கொடுப்பது அழகுதான், தன்னுடையதை ஒருவர் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். அச்சத்தால் கட்டுவதோ விட்டுக்கொடுத்தல் ஆகாது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரிடம் ஒட்டகம் ஒன்று கடன் பட்டிருந்தார்கள். கடன் கொடுத்தவர் வந்து கடுமையான சொற்களால் கேட்டார். தோழர்கள் அவரைத் தண்டிக்க எழுந்தார்கள். நாயகமோ தடுத்து, உரிமை உடையவருக்குப் பேசும் உரிமை உண்டு என்ற கருத்தைச் சொல்லி, அவருடையதைவிடச் சிறந்த ஒட்டகத்தை வாங்கிக் கொடுக்கச் செய்தார்கள். கேட்டவர் கடுமையாகக் கேட்டும் அவருடைய உரிமை மறுக்கப்படவில்லை என்றால், கண்ணியமாக, உண்மையோடு கேட்பவரின் குரல் எப்படி வம்பாகும்?

எனவே மாணவருக்கு இவ்வாறு எழுதினேன்: “தம்பி, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அட்டை நழுவியது உங்கள் கவனக்குறைவுதான். அதை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். அட்டையின் இரு பக்க நகல், அன்று காலணி வாங்கிய ரசீது, பிள்ளையின் நிலையைக் காட்டும் மருத்துவத் தாள் ஆகியவற்றை இணையுங்கள். இடம் யாருக்கு ஒதுக்கப்பட்டதோ அவருக்கே பயன்பட்டது என்பதைச் சொல்லுங்கள். எவரையும் ஏசாதீர்கள். தவணை தவறாதீர்கள். அதன் பிறகும் கட்டவேண்டும் என்று தீர்ப்பாகுமானால் கட்டிவிடுங்கள். உங்கள் உள்ளம் சுத்தமாக இருக்கும்.”

அவ்வாறே எழுதினார். நிறுவனம் மறுத்துவிட்டது! அச்சடித்த நான்கு வரியில், ‘அட்டை தெரியும்படி இல்லை, கட்டணம் செல்லும்’ என்று பதில் வந்தது. சோர்ந்துபோனவரை, அடுத்த முறையீட்டுக்கு முன் கடைக்காரரை ஒருமுறை பாருங்கள் என்றேன். மகனையும் ரசீதையும் அழைத்துக்கொண்டு சென்றார். கடையின் மேலாளரான ஒரு வயதான பெண்மணி காகிதங்களைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லையாம். பிள்ளையைப் பார்த்து, ‘உன் புதுக் காலணி காலுக்குச் சரியாக இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டு, உள்ளே சென்று தொலைபேசியில் பேசினாராம். மறு வாரம் கட்டணம் நீக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

நம் நாட்டில்

‘அது வெள்ளைக்காரன் நாடு, இங்கே என்ன உண்டு?’ என்று கேட்பீர்கள். இங்கும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. பேருந்து நிறுத்தங்கள், ரயில் நிலையங்கள், விமான நிலையங்கள் ஆகியவற்றின் வாகன நிறுத்துமிடம் முதல் கழிப்பறை, பயணச்சீட்டு முகப்பு வரை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவாறு அமைய வேண்டும் என்கிறது அதன் 41ஆம் பிரிவு. அரசோ தனியாரோ, சேவை வழங்குவோர் அனைவரும் விதிகள் வெளிவந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தம் சேவையைச் சீரமைக்க வேண்டும் என்கிறது 46ஆம் பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். தவணை 2019லேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறுவோருக்கு முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. குறை இருந்தால் மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி என்பவர் 2005ஆம் ஆண்டு தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இத்தகைய வசதிகள் வெறும் வழிகாட்டுதல்களாக ஏட்டில் நின்றால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று உரைத்தது. ஒரு மனிதர் தொடங்கிய முறையீடு பத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் கோடிக்கணக்கானோருக்கு வழி திறக்கிறது!

வாகனம் நிறுத்தும்போது தரும் சீட்டில், ‘வண்டிக்கு உரிமையாளரே பொறுப்பு’ என்று அச்சடித்திருப்பதைக் கண்டு நாம் அஞ்சிவிடுகிறோம். 1998இல் டெல்லி தாஜ் மகால் ஓட்டலில், நிறுத்தி வைக்குமாறு ஊழியரிடம் ஒப்படைத்த கார் களவுபோன வழக்கில், அந்த வாசகத்தைக் காட்டி ஓட்டல் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. சீட்டில் அச்சிட்டதெல்லாம் சட்டம் ஆகிவிடாது என்பதற்கு இது சான்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதாயின் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்தில் ஒரு வாகனக் காப்பகத்தில் கண்ட காட்சி நினைவுக்கு வருகிறது. அரசு வழங்கிய, பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரில் ஒரு பெரியவர் வந்தார். ‘இது இரண்டு வண்டி இடத்தை அடைக்கும், இரட்டைக் கட்டணம் கொடு’ என்றான் காப்பாளன். கட்டணப் பலகையில் அப்படி ஒன்றும் இல்லை. அவர் அதைச் சுட்டிக் காட்டினார். வரிசையில் நின்ற எவரும், நான் உட்பட, வாய் திறக்கவில்லை. அவர் பையிலிருந்து சில்லறைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஊன்றுகோலை ஊன்றி நடந்தார். இரு சக்கரத்தில் ஓட இயலாததால்தானே அவருக்கு நான்கு சக்கரம்? அந்த இயலாமைக்கு ஒரு கட்டணமா? அன்று நான் பேசாதிருந்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

மடலின் கடைசிப் பத்தி

இனி, நான் முதலில் சொல்லாது விட்ட பத்திக்கு வருகிறேன். அதில் என் மாணவர் எழுதியிருந்தார்:

“ஹஜ்ரத், தவறாக எண்ண வேண்டாம். போன கோடையில் ஊருக்கு வந்தபோது, அத்தா தொழுத பள்ளிவாசலில் ஒரு ஜும்ஆ தொழ வேண்டும் என்று மகன் ஆசைப்பட்டான். சக்கர நாற்காலியோடு அழைத்து வந்தேன். சாய்தளத்தின் மீதும் அதன் முன்பும் மோட்டார் வண்டிகள் நிறைந்திருந்தன. குத்பா தொடங்கிவிட்டது, யாரை அழைப்பது? படிக்கட்டில் தூக்கிச் செல்ல இருவர் முன்வந்தார்கள். ‘வேண்டாம் அத்தா, எல்லாரும் பார்ப்பார்கள்’ என்று மறுத்துவிட்டான். நாங்கள் காருக்குள்ளேயே அமர்ந்து குத்பாவைக் கேட்டுவிட்டுத் திரும்பி, வீட்டில் லுஹர் தொழுதோம். இங்கே இந்தக் கட்டணக் கடிதம் வந்தபோது அவன் கேட்டான்: ‘அத்தா, என் இடத்தில் மற்றவர்கள் நிறுத்தினால் அவர்களுக்கும் நம் ஊரில் இப்படிக் கடிதம் வருமா?’ என்னால் பதில் சொல்ல முடியவில்லை.”

வாசகர்களே! அந்தப் பள்ளிவாசலில் நான் வெள்ளிதோறும் தொழுகிறேன். வெயில் படாத இடம் என்பதால் என் டி.வி.எஸ். வண்டியை எங்கே நிறுத்துவது வழக்கம் தெரியுமா? அந்தச் சாய்தளத்தின் ஓரத்தில்தான். அன்றும் அங்கேதான் நிறுத்தியிருப்பேன். மாணவருக்கு அது தெரியுமோ தெரியாதோ, அவர் எழுதவில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

திருமறையின் எண்பதாவது அத்தியாயமான ‘அபஸ’வை மதரஸாவில் எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்! குறைஷித் தலைவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக் கொண்டிருந்தபோது, கண் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவைத் தேடி வந்தார்கள். அவ்வேளையில் பேச்சு இடையூறுபட்டதால் நாயகத்தின் திருமுகம் சற்றுச் சுருங்கியது. உடனே இறைவசனங்கள் இறங்கின. நாடி வந்த அந்த எளியவருக்கே முதலிடம் என்று அல்லாஹ் தன் தூதருக்கு உணர்த்தினான். முகம் சுருங்கியதைப் பார்க்கவும் இயலாத ஒருவருக்காக அவ்வசனங்கள் இறங்கின என்பதை எண்ணிப் பாருங்கள்! அதன் பிறகு நாயகம் அவரைக் கண்டபோதெல்லாம் கண்ணியம் செய்தார்கள். தாம் பயணம் சென்ற காலங்களில் மதீனாவையே அவர் பொறுப்பில் விட்டுச் சென்றார்கள். இந்தப் பாடத்தை நடத்திவிட்டு, சாய்தளத்தில் நிறுத்திய வண்டியை எடுத்துக்கொண்டு வீடு சென்றவன் நான்.

ஒருவர் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து அவரை எழுப்பிவிட்டு அங்கே மற்றொருவர் அமரக் கூடாது என்பதும் நபிமொழி. ஒரு பிள்ளை வந்து அமரும் முன்னரே அவன் இடத்தை அடைத்துக்கொள்வது அதிலும் கடியதல்லவா? 2016ஆம் ஆண்டுச் சட்டம் ‘பொதுக் கட்டடம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் சமய வழிபாட்டுக்குப் பயன்படும் கட்டடங்களும் அடங்கும். சட்டம் வந்து சொல்லும் வரை நாம் காத்திருக்க வேண்டுமா? நமக்கு அபஸ அத்தியாயம் இறங்கி ஆயிரத்து நானூறு ஆண்டுகள் ஆகிவிட்டனவே!

மறு வெள்ளியன்று தொழுகைக்குப் பின் முத்தவல்லி அவர்களின் அனுமதியோடு இம்மடலின் கடைசிப் பத்தியை, பெயர் சொல்லாமல், ஜமாஅத்தார் முன் படித்தேன். என் வண்டி நின்ற இடத்தையும் சொன்னேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு மோதினார் எழுந்து சென்று சாய்தளத்தின் முன் இருந்த செருப்புகளை ஒதுக்கத் தொடங்கினார். அடுத்த வாரம் இளைஞர்கள் மஞ்சள் சாயத்தால் கட்டம் போட்டு, சக்கர நாற்காலிப் படமும் வரைந்துவிட்டார்கள். காப்பதற்கு ஆள் இல்லை, கட்டணமும் இல்லை. இரண்டு வெள்ளிக்கிழமைகள் கட்டம் காலியாக இருந்தது. மூன்றாம் வெள்ளியன்று யாரோ ஒருவர் அவசரத்தில் நிறுத்திவிட்டார். அவரைக் கடிந்துகொள்ளாமல் வண்டியை நகர்த்தி வைத்தோம். பழக்கம் மாற நாளாகும்.

உங்கள் ஊர்ப் பள்ளிவாசலிலும், திருமண மண்டபத்திலும், மதரஸாவிலும் இவ்வெள்ளியன்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சாய்தளம் இருக்கிறதா? இருந்தால், அதன் மேல் என்ன நிற்கிறது? உங்கள் வீட்டில் நடக்க இயலாத ஒருவர் இருந்தால், அவருக்குரிய இடத்தைக் கேட்கத் தயங்காதீர்கள். உண்மையோடும் கண்ணியத்தோடும் கேளுங்கள். அத்தகையவர் உங்கள் வீட்டில் இல்லையெனில், அந்த இடத்தை விட்டு உங்கள் வண்டியை விலக்கி வையுங்கள். நாளை நம்மில் யாருக்கு நாற்காலி தேவைப்படும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

என் மாணவருக்கு நேற்று ஒரு புகைப்படம் அனுப்பினேன். மஞ்சள் கட்டமும் காலியான சாய்தளமும் மட்டுமே அதில் உள்ளன. ‘இன்ஷா அல்லாஹ், அடுத்த கோடையில் வருகிறோம், மகன் கேட்கச் சொன்னான், ஹஜ்ரத் இப்போது வண்டியை எங்கே நிறுத்துகிறார் என்று’ எனப் பதில் வந்தது. அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது!

வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன். வெயில் சற்றுப் படத்தான் செய்கிறது. அல்லாஹ் நம் குறைகளை மன்னித்து, ஒவ்வொருவருக்கும் உரியதை உரியவரிடம் சேர்க்கும் நல்லுள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.